பழைய பெடல், புதுப் பெடல், ஒரு காதுகுத்து மண்டபம்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பெரம்பலூர்ல பஸ் ஏறி அரியலூர் போகணும். ரெண்டு கிடார் பெடலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாசிச்சுப் பாக்கணும். எது நல்லாருக்கோ அதை எடுத்துக்கிட்டு சாயங்காலம் வீடு வந்து சேரணும்.

அவ்ளோதான். இதுல என்ன தப்பு நடந்துடப் போவுதுன்னு நானும்தான் நெனச்சேன்.

முதல்ல பெடல்னா என்னன்னு சொல்லிடுறேன். போன தடவை "என் பெடல் மக்கர் பண்ணுது"ன்னு என் பேஜ்ல எழுதினப்ப, நல்ல சைக்கிள் கடை எங்க இருக்குன்னு வழி சொல்லி மெசேஜ் அனுப்புனீங்க. உங்க பாசத்துக்கு நன்றி. இது அது இல்ல.

கிடார்ல இருந்து மைக் செட்டுக்குப் போற வயரை நடுவுல ஒரு இரும்புப் பெட்டியில சொருகுவோம். பெட்டி மேல ஒரு சுவிட்ச் இருக்கும். வாசிக்கும்போதே காலால ஒரு மிதி மிதிச்சா கிடாரோட குரல் மாறும். என்னோடது எக்கோ பெட்டி. கம்பியை ஒரு தட்டு தட்டினா "டிங்... டிங்... டிங்..."னு அதுவே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே தேய்ஞ்சு போகும்.

வாரம் பூரா நான் பெரம்பலூர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். திருவிழா வந்தா மாணிக்கண்ணன் ட்ரூப்ல கிடார் வாசிப்பேன். சுமாராத்தான் வாசிப்பேன், அது எனக்கும் தெரியும், மாணிக்கண்ணனுக்கும் தெரியும். ஆனா முதல் சாமி பாட்டுக்கு முன்னாடி நான் வாசிக்கிற அந்த டிங் டிங் டிங் மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் பேமஸ். திருமானூர் பஸ் ஸ்டாப்ல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரு, "நீங்க டிங் டிங் தம்பிதானே?"ன்னு கேட்டு உக்கார இடம் விட்டாரு. எனக்கு அதுக்கு மேல என்ன விருது வேணும்?

இப்பத்தான் சிக்கல். கொஞ்ச நாளா என் பெடல் அப்பப்ப "கர்ர்ர்"னு ஒரு சத்தம் போட ஆரம்பிச்சுது.

மாணிக்கண்ணன் கூப்பிட்டாரு. "தம்பி, சாமி பாட்டுக்கு நடுவுல மிக்சில சட்னி அரைக்கிற சத்தம் கேக்குது."

"சரி பண்ணிடுறேண்ணே."

"வர்ற வெள்ளிக்கிழமை தா.பழூர்ல கோயில் கச்சேரி. அதுக்குள்ள பண்ணு. இல்லன்னா அந்த டிங் டிங்க கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம்."

"அண்ணே, அது என் பிட்டுண்ணே!"

"அந்த பிட்டு இல்லன்னா உனக்கு எதுக்கு தம்பி ஒரு சீட்டு? வேன்ல இடம் பத்தல."

கோவமா சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டிருக்கலாம். மனுசன் அக்கறையா சொன்னாரு.

என் பெடல் மாடலை அந்தக் கம்பெனிக்காரன் எப்பவோ நிறுத்திட்டான். இப்ப அதே பேருல புதுசா வடிவமைச்சு வெளியிட்டிருக்கான். என்னோடது ஒரு செங்கல் கனம். காப்பிக் கலர் பெயிண்ட் பாதி உதிர்ந்து போச்சு, ஓரத்துல ஒரு சின்ன சிவப்பு லைட்டு மட்டும் எரியும். ஒரு திருகு கழண்டு விழுந்து, அந்த இடத்துல பேஸ்ட் மூடி மாட்டியிருக்கேன். புதுசு உள்ளங்கை அளவு. நீலக் கலர் லைட்டு எரியும்.

இதுல எது ஒசத்தின்னு இன்டர்நெட்ல பெரிய சண்டை நடக்குது. அந்தச் சண்டையில நான் பழசு கட்சி. சாதாரணத் தொண்டன் இல்ல, மாவட்டச் செயலாளர் ரேஞ்சு! "பழசோட எக்கோல ஒரு ஈரம் இருக்கும், புதுசுல அது வராது"ன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். புதுசை ஒரு தடவை கூட நான் கேட்டது கிடையாது. கேட்டுட்டுத்தான் கருத்து சொல்லணும்னா அப்புறம் எதுக்கு பேஜ்?

நான் எழுதினதை யாரு நம்பினாங்களோ இல்லையோ, அரியலூர் ஆல்பர்ட் நம்பிட்டான். ஆல்பர்ட் என் சிநேகிதன், சர்ச்ல கிடார் வாசிக்கிறவன். ஆசை ஆசையா அந்தப் புது மாடலை வாங்கி வெச்சிருந்தான். ஒருநாள் போன் பண்ணினான்.

"மாப்ள, உன் போஸ்ட்டப் படிச்சுப் படிச்சு என் பெடலைப் பாத்தாலே புடிக்க மாட்டேங்குதுடா. பழசைக் குடு, புதுசை எடுத்துக்க. நேருக்கு நேர் மாத்திக்கலாம்."

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம் தாங்கல. இருந்தாலும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?

"டேய், அது அப்பப்ப கர்ருன்னு சத்தம் போடும்டா."

"அதான்டா மாப்ள ஒரிஜினல் சத்தம்!"

என் எழுத்துக்கு இவ்ளோ சக்தி இருக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சனிக்கிழமை வரேன், ரெண்டையும் ஒண்ணா வாசிச்சுப் பாத்துட்டு மாத்திக்கலாம்னு சொன்னேன். புதுசுல அதே டிங் டிங் வந்துட்டா தா.பழூர் சீட்டு எனக்கு உறுதி.

அதோட விட்டிருக்கலாம். பேஜ்ல ஒரு புண்ணியவான் வந்து, "கண்ணைக் கட்டிட்டு வாசிச்சா எது பழசு, எது புதுசுன்னு உங்களுக்குத் தெரியுமா ப்ரோ?"ன்னு கேட்டான்.

"சனிக்கிழமை லைவ்ல பாரு"ன்னு போட்டுட்டேன். என் வாய் இருக்கே, அதைக் கழட்டி வீட்டுலயே வெச்சுட்டுப் போற வசதி இருந்தா நல்லாருக்கும்.

கிளம்பும்போது வீட்டுக்காரி கவிதா பாத்துக்கிட்டே இருந்தா.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரிஜினலுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கப் போறேன்."

"நாள் பூரா ஜெராக்ஸ் போடுறவரு ஒரிஜினலப் பத்திப் பேசுறாரு. நல்லாருக்குங்க."

செருப்ப மாட்டிக்கிட்டு இறங்கிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுல போயி நின்னேன். பஸ்ஸு புது பஸ் ஸ்டாண்டுலயே ஃபுல்லாகி வந்துச்சு. பழசு பழசுதான்னு அங்கயும் நின்னது என் தப்பு. கிடார் ஒரு தோள்ல, பெடல் பை ஒரு தோள்ல, கம்பிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு தொங்கினேன். உக்காந்திருந்த ஒரு பெரியவரு பையை மடியில வாங்கிக்கிட்டாரு. வாங்கினவரு கனத்தைப் பாத்துட்டுத் திறந்தும் பாத்தாரு.

"என்ன தம்பி, மோட்டார் ஸ்டார்ட்டரா?"

"இல்லைங்கய்யா, கிடாருக்குப் போடுறது."

"பழைய மாடலா?"

"ஆமாங்கய்யா. புது மாடல் வந்திருக்கு, மாத்தலாமான்னு பாக்கப் போறேன்."

"மாத்தாத!" பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. "எங்க சோளக் காட்டு மோட்டார் பழசு. உள்ள செம்புக் கம்பி. புதுசா ஒண்ணு வாங்கினேன், அலுமினியம். ஒரு கோடை தாங்கல. பழசுன்னா பழசுதான் தம்பி."

மோட்டாரும் பெடலும் ஒண்ணான்னு நான் யோசிக்கல. பாத்தியா, விவசாயி கூட நம்ம கட்சிதான்னு நெஞ்சு நிமிந்துருச்சு. அரியலூர்ல இறங்கும்போது என் சட்டையில பாதி சிமெண்ட் லாரிப் புழுதி, மனசு பூரா பெருமை.

ஆல்பர்ட் வாசல்லயே நின்னான். மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு.

"மாப்ள, கரண்ட் இல்ல. எப்ப வரும்னு தெரியல."

அவன் வீட்டுல ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் இருக்கு. அதுல வாசிச்சுப் பாக்குறதாத்தான் பேச்சு. எங்க வீட்டுல அதுவும் கிடையாது. நான் வயரே சொருகாமத்தான் பழகுவேன், கவிதாவோட சமாதானமா வாழணும்ல. பெடலை நான் மிதிக்கிறதே மேடையில மட்டும்தான். ஆக, அன்னிக்கு மட்டும் கரண்ட் இருந்திருந்தா என் மானம் நாலு சுவத்துக்குள்ளயே போயிருக்கும். அந்தக் கொடுப்பினை எனக்கு இல்ல.

"காஜா பாயைக் கேப்போமா?"ன்னேன்.

காஜா பாய் அரியலூர்ல மைக் செட் வெச்சிருக்கவரு. எங்க ட்ரூப்புக்கு இப்ப கொஞ்ச வருசமா அவருதான் செட்டு. போன் போட்டேன்.

"வாங்க தம்பி, வாங்க! மண்டபத்துல இருக்கேன். சாயங்காலம் ஒரு காதுகுத்து. செட்டு எல்லாம் கட்டியாச்சு, ஜெனரேட்டர் ஓடுது. மேடை சும்மாதான் கெடக்கு, வந்து வாசிங்க. இன்ஷா அல்லா எல்லாம் நல்லா நடக்கும்."

நடந்துச்சு.

மண்டபத்துல சமையக்காரங்க சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. மேடையில "காதணி விழா"ன்னு பூவுல எழுதி, நடுவுல ஒரு குட்டி சோபா போட்டிருந்தாங்க. காது குத்திக்கப் போற பாப்பா இன்னும் வரல. அதோட தாய்மாமன் மட்டும் வெள்ளை வேட்டில முன்னாடியே வந்து எல்லாத்தையும் மேற்பார்வை பாத்துக்கிட்டு இருந்தாரு. கிடாரோட எங்களைப் பாத்ததும் பதறிட்டாரு.

"யாருங்க நீங்க? நான் கச்சேரிக்கெல்லாம் பேசலையே!"

"இல்லைங்க, சும்மா ஒரு டெஸ்ட்டு. பத்து நிமிசத்துல போயிடுவோம்"னு ஆல்பர்ட் விவரம் சொன்னான். கண்ணைக் கட்டி வாசிக்கிறதுன்னதும் தாய்மாமனுக்கு ஆர்வம் வந்துருச்சு.

"அப்ப நாந்தான் நடுவர்"னு அவரே முடிவு பண்ணி, ஒரு சேரை இழுத்து முன்னாடி போட்டு உக்காந்துட்டாரு.

போனை ஒரு குத்துவிளக்குல சாச்சு வெச்சு லைவ் ஆன் பண்ணினேன். "வணக்கம் மக்களே! பழசா, புதுசா? இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சிரும்!" கிடாரை மாட்டிக்கிட்டு நின்னேன். ஆல்பர்ட் அவன் துண்டால என் கண்ணைக் கட்டினான். ரெண்டு பெடலும் அவன் காலடியில. அவன் இஷ்டத்துக்கு மாத்தி மாத்தி வயரைச் சொருகி, அவனே மிதிப்பான். நான் கேட்டுட்டுச் சொல்லணும். காஜா பாய் மேடைக்கு எதிர்ல, எப்பவும் போல சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கிற அவரோட மிக்சர் முன்னாடி உக்காந்திருந்தாரு.

"ரெடி"ன்னான் ஆல்பர்ட்.

வாசிச்சேன். அந்த எக்கோ வர வேண்டிய இடம் வந்ததும் பழக்க தோசத்துல என் வலது கால் வெறுந்தரையில ஒரு தட்டு தட்டிருச்சு. அது இல்லாம எனக்கு அந்த பிட்டு வாசிக்கவே வராது.

டிங்... டிங்... டிங்... டிங்...

ஆஹா! சுத்தமா, அளவா, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா தேய்ஞ்சு போச்சு. இத்தனைக்கும் ஒரு கர்ரு சத்தம் வரல. வந்தா கண்டுபிடிச்சிருவேன்னு தெரிஞ்சு அன்னிக்குன்னு பாத்து நல்ல புள்ளையா நடிச்சிருக்கு.

"இது பழசு!"ன்னேன்.

"கரெக்ட்டு!"னு தாய்மாமன் கையைத் தட்டினாரு.

"ரெடி"ன்னான் ஆல்பர்ட் மறுபடியும். வாசிச்சேன். காலு தட்டுச்சு.

டிங்டிடிங்டிங்கிடிடிங்டிங்!

பாத்திரக் கடையில பூனை புகுந்த கணக்கா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து உருளுது. சிரிச்சுட்டேன்.

"இது புதுசு! கேட்டீங்களா மக்களே? ஒரே குழப்படி! ஒரு நோட்டுக்கும் இன்னொரு நோட்டுக்கும் நடுவுல மூச்சு விட இடமே இல்ல. கம்பெனிக்காரன் கெடுத்து வெச்சிருக்கான்!"

"கரெக்ட்டு!"

காஜா பாயும் கீழ இருந்து குரல் குடுத்தாரு. "ஆல்பர்ட் தம்பி, கோச்சுக்காதீங்க. உங்க பெட்டி சரியில்ல. நான் எப்பவும் குடுக்குறதுதான் குடுக்குறேன், உங்களுக்கு மட்டும் குதறிக்கிட்டு வருது."

அதைக் காதுல வாங்கியிருக்கணும். நான் அப்ப மாவட்டச் செயலாளர் மூடுல இருந்தேன்.

ஆல்பர்ட் மாத்திப் பாத்தான். மாத்தாம ஏமாத்திப் பாத்தான். எப்படி வெச்சாலும் நான் கரெக்டா சொன்னேன். ஒண்ணு கூட தப்பல! தாய்மாமன் சேர்ல இருந்து எந்திரிச்சுட்டாரு. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவங்க கண்ணீரோட வந்து முன் வரிசையில உக்காந்தாங்க. நான் துண்டைக் கட்டிக்கிட்டே காதைப் பத்தி ஒரு சொற்பொழிவு ஆத்தினேன். காது எல்லாருக்கும் இருக்கு, கேக்குறவன் கொஞ்சம் பேருதான், அப்படி இப்படின்னு. காது குத்துற மேடையில நின்னுக்கிட்டு இதைப் பேசுறோமேன்னு எனக்குத் தோணவே இல்ல.

ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம் வந்துருச்சு. புதுசு இவ்ளோ மோசம்னா அதை எடுத்துட்டுப் போயி தா.பழூர்ல என்னத்த வாசிக்கிறது? பழசையே வெச்சுக்கிட்டா கர்ரு சத்தத்துக்கு மாணிக்கண்ணன் என்ன சொல்லுவாரு? ஜெயிச்சுக்கிட்டே தோத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து பாய் எந்திரிச்சிருக்காரு. "தொழுதுட்டு வந்துடுறேன் தம்பி, நீங்க நடத்துங்க"ன்னு குரல் மட்டும் கேட்டுச்சு.

"சரி மக்களே, கடைசியா ஒரு தடவை!"ன்னேன். "ஆல்பர்ட், போடு!"

வாசிச்சேன். காலைத் தட்டினேன்.

டிங்.

அவ்ளோதான். அப்புறம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேக்குது.

"ஆல்பர்ட், மிதிக்கலடா நீ."

"மிதிச்சாச்சு மாப்ள. லைட்டு எரியுது."

"வயரு?"

"வயரு சரியாத்தான்டா இருக்கு. கிடார் சத்தம் வருதுல்ல."

எனக்கு விளங்கிருச்சு. அதாவது, விளங்கிருச்சுன்னு நெனச்சேன்.

"பாத்தீங்களா மக்களே! புதுசு நின்னு போச்சு! லைவ்லயே உசுர விட்டுருச்சு. இதுக்குத்தான் நான் படிச்சுப் படிச்சு சொன்னேன். அடுத்ததைப் போடுறா ஆல்பர்ட், அந்த ஒரிஜினலைக் கேட்டுக் காது குளிரட்டும்!"

யாரும் கையும் தட்டல, கரெக்ட்டுன்னும் சொல்லல. ஆல்பர்ட் வயரை மாத்துற சத்தம் கேட்டுச்சு. வாசிச்சேன்.

டிங்... டிங்... டிங்... டிங்...

சத்தியமா சொல்றேன், அவ்ளோ அழகா ஒரு எக்கோவ நான் என் வாழ்க்கையில கேட்டதில்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. துண்டு நனைஞ்சுருச்சு.

"இதான்! இதான் ஒரிஜினல்! இந்த ஈரம் புதுசுல வருமா? சொல்லுங்க, வருமா?"

தாய்மாமன் மெதுவா தொண்டையைச் செருமினாரு.

"தம்பி... செத்துப்போனது பெரிய பெட்டி. இப்ப அடிக்கிறது சின்னப் பெட்டி."

துண்டை இறக்கினேன். ஆல்பர்ட் காலடியில நீல லைட்டு. என் செங்கல் ஓரமா கெடந்துச்சு, பேஸ்ட் மூடியோட.

முன் வரிசையில ஒரு அக்கா வாயில முந்தானையை வெச்சு அடக்கிப் பாத்துச்சு. முடியல. ஒருத்தரு ஆரம்பிச்சதும் மண்டபமே சிரிச்சுருச்சு. போன்ல கமெண்ட்டு கொட்டுது. அந்தப் புண்ணியவான் "ஈரம் ப்ரோ, ஈரம்"னு வரிசையா அனுப்பிக்கிட்டு இருந்தான்.

நான் பழசை எடுத்து ஆட்டினேன், தட்டினேன், வயரைக் கழட்டி ஊதி மாட்டினேன். டிங். திரும்பவும் ஒத்தை டிங். நல்லாத்தானே வாசிச்சுது, பத்து நிமிசத்துக்கு முன்னாடி கூட! எங்கேயாவது மிதிபட்டுருச்சான்னு ஆல்பர்ட்டைத் திட்டினேன். அவன் தேவன் மேல சத்தியம் பண்ணினான்.

காஜா பாய் தொப்பியைக் கழட்டி மடிச்சுக்கிட்டே வந்தாரு.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"பெடல் போச்சு பாய்."

"எந்தப் பெடல்?"

"இதுதான் பாய். எக்கோ வரல."

பாய் பெட்டியைப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. "எக்கோவுக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? எக்கோ நாந்தானே குடுக்குறேன்!"

"என்னது?"

"ஆமா தம்பி. பாடுறவங்க கையைத் தூக்கிக் காட்டுவாங்கல்ல, மைக்கைக் கூட்டு, கொறைன்னு? உங்களுக்கு ரெண்டு கையும் கிடார்ல மாட்டிக்கிட்டு இருக்கு. அதனால காலால சிக்னல் குடுக்குறீங்கன்னு நெனச்சேன். நீங்க காலத் தட்டுனா நான் எக்கோவ ஏத்துவேன். முடிஞ்சதும் இறக்கிருவேன்."

"அப்ப இந்தப் பெட்டி எதுக்குன்னு நெனச்சீங்க?"

"தட்டுனா எனக்குப் பளிச்சுன்னு தெரியட்டும்னு இரும்புல வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். விவரமான புள்ளைன்னு வீட்டுல கூட சொல்லியிருக்கேன்."

ஆல்பர்ட் மேடையிலயே உக்காந்துட்டான். இப்ப எல்லாம் புரிஞ்சுது. பழசு மாட்டினப்ப வந்தது பாய் எக்கோ மட்டும். புதுசு மாட்டினப்ப பெடல் எக்கோவும் பாய் எக்கோவும் சேர்ந்து முட்டிக்கிச்சு. ஒரு தடவை கூட நான் பழைய பெடலைக் கேக்கல. கண்ணைக் கட்டிக்கிட்டு பாயைத்தான் கரெக்டா கண்டுபிடிச்சிருக்கேன்.

"எத்தனை வருசமா பாய்?"

"உங்க ட்ரூப்புக்கு செட்டு போட ஆரம்பிச்சதுல இருந்துதான். முதல்ல கொஞ்ச நாள் எக்கோ அதிகமாப் போயி குதறிக்கிட்டு வரும், இந்தச் சின்னப் பெட்டிக்கு வந்துச்சே அது மாதிரி. அப்புறம் ஒரு நாள் தானா சரியாயிருச்சு. அல்லா கிருபையில கை பழகிருச்சுன்னு நெனச்சேன்."

அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. "பெடல் வாசிக்க வாசிக்கத்தான் பதமாகும். இன்னிக்கு என் ஒரிஜினல் முழுசா கனிஞ்சுருச்சு"ன்னு பேஜ்ல உருகி எழுதியிருந்தேன். அது கனியல. செத்துருக்கு! அதுக்கப்புறம் வந்த ஆயுத பூஜைக்கெல்லாம் நான் அதுக்குச் சந்தனப் பொட்டு வெச்சிருக்கேன். கொஞ்ச நாளா வந்த கர்ரு சத்தம் ஒண்ணுதான் அந்தப் பெட்டிக்குள்ள இருந்து சொந்தமா வந்தது.

லைவ் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அணைக்கணும்னு அப்பத்தான் தோணுச்சு.

"ஆல்பர்ட்..."னு இழுத்தேன்.

அவன் புதுப் பெடலை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். "தப்பா நெனச்சுக்காத மாப்ள. உன் பேச்சக் கேட்டு இந்தத் தங்கத்தப் போயி குடுக்கப் பாத்தேனே! ஆண்டவர்தான் கரண்ட்ட புடுங்கிக் காப்பாத்தினாரு."

பழசும் இல்ல, புதுசும் இல்ல. தாய்மாமன் என் தோளத் தட்டி, சாப்புட்டுத்தான் போகணும்னு கட்டாயப்படுத்தி உக்கார வெச்சாரு. சாம்பார் சாதம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வேன்ல என் சீட்டு காலியாக் கெடக்குற மாதிரியே கண்ணுல தெரியுது. ஜெராக்ஸ் கடைக்காரனா மட்டும் இருக்கப் போறோமேன்னு நெனச்சப்ப நெசமாவே வலிச்சுது.

பஸ் ஏறும்போது மாணிக்கண்ணன் போன் பண்ணினாரு.

"தம்பி, லைவ் பாத்தேன்."

"அண்ணே..."

"முழுசா பாத்தேன். வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்தோம்."

போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"அந்தக் கர்ரு சத்தம் பெட்டியில இருந்துதானே வருது?"

"ஆமாண்ணே."

"டிங் டிங் சத்தம் பாய்கிட்ட இருந்து வருது?"

"ஆமாண்ணே."

"அப்புறம் என்னத்துக்குடா அந்தப் பெட்டி? வீட்டுல வெச்சுட்டு நீ மட்டும் வா. சும்மா காலத் தட்டு, பாய் பாத்துக்குவாரு. வேன்லயும் கொஞ்சம் இடம் கிடைக்கும்."

பஸ்ஸு கம்பியப் புடிச்சுக்கிட்டே சிரிச்சேன். பக்கத்துல நின்னவரு கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டாரு. வீட்டுக்குப் போனா கவிதா லைவ்வ முழுசா பாத்துட்டு உக்காந்திருந்தா. பெட்டியை வாங்கி, காத்துல சாத்திக்கிற எங்க கொல்லைக் கதவுக்கு அண்டக் குடுத்துட்டு, "இதுக்கு இது நல்லாருக்குங்க"ன்னா. நெசமாவே நல்லாத்தான் இருக்கு. கதவு அசையல.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. தா.பழூர்ல நல்ல கூட்டம். மேடையில என் காலுக்குக் கீழ வெறும் பலகைதான். முதல் சாமி பாட்டு. எதிர்ல மிக்சர்கிட்ட உக்காந்திருந்த பாயைப் பாத்தேன். அவரு தலையை ஆட்டினாரு. காலைத் தட்டினேன்.

டிங்... டிங்... டிங்... டிங்...

கர்ரு இல்ல, குழப்படி இல்ல. கூட்டம் விசில் அடிக்குது! மாணிக்கண்ணன் என்னப் பாத்துக் கட்டை விரலைத் தூக்கினாரு. அந்த நிமிசம் எனக்கு ஒரிஜினலும் வேணாம், புதுசும் வேணாம்னு இருந்துச்சு.

"ஒன்ஸ்மோர்!"னு கத்தினாங்க. பெருமை தாங்காம, கண்ணை மூடிக்கிட்டு ஓங்கித் தட்டினேன்.

டிங்.

கண்ணைத் திறந்து பாத்தேன். பாய் ஒரு கையில டீ கிளாசு, ஒரு கையில வடையோட "இருங்க தம்பி, இருங்க"ன்னு தலையை ஆட்டுறாரு.

ஆக, ஒப்பிட்டுப் பாத்ததுல முடிவு இதான்: பழசு கொல்லைக் கதவுகிட்ட, புதுசு ஆல்பர்ட்டுகிட்ட, என்கிட்ட இருக்குறது டீ வந்தா நின்னுடும்.